விடியற்காலையில் கட்லா மட்டும் செத்து மிதக்கிறது. குட்டையில் யாராவது மருந்து கலந்திருப்பார்களா?

மேட்டுக்கரை எழுதியது:

ஒரத்தநாடு பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் குட்டை இருக்கிறது. தண்ணீர் 5 அடி நிற்கும். மார்ச்சில் விரலிகள் விட்டேன்: கட்லா 2,000, ரோகு 2,500, மிர்கால் 1,000. குஞ்சு கொடுத்தவர் 4,000 போதும் என்றார், நான்தான் கேட்கவில்லை. நன்றாகத்தான் வளர்ந்தன. கட்லா கிலோவைத் தொட்டுவிட்டது, ரோகு அரைக் கிலோ இருக்கும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறேன். தினமும் 60 கிலோ. வாரம் ஒருமுறை சாணியும் கரைத்து விடுகிறேன்.

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் போனால் 30 கட்லா மிதக்கிறது. இன்று 45. எல்லாமே பெரிசு. வாயைப் பிளந்தபடி செத்திருக்கின்றன. உடம்பில் புண், பேன் எதுவும் இல்லை. பக்கத்து வயல்காரருக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறு உண்டு, போன வாரம்தான் அவர் பூச்சிமருந்து அடித்தார். ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். மருந்துக் கடையில் கேட்டால், தண்ணீர் பச்சையாக இருக்கிறது, பாசி சாக மயில்துத்தம் போடுங்கள் என்கிறார்கள். என்ன செய்ய?

தூண்டில்முள் எழுதியது:

சுண்ணாம்பு 100 கிலோ தூவுங்க அண்ணே. எங்க குளத்துல எது வந்தாலும் அதான் மருந்து.

நடுக்குளம் எழுதியது:

சுண்ணாம்பும் வேண்டாம், மயில்துத்தமும் வேண்டாம். ஸ்டேஷனுக்கும் இப்போதைக்குப் போகாதீர்கள். முதலில் நான் கேட்பதைப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

கரையோரம் தலைப்பிரட்டையும் பொடி மீனும் உயிரோடு இருக்கின்றனவா? விடியும் முன்னே போனால் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறதா, வெயில் ஏறியதும் கீழே போய்விடுகிறதா? நத்தை கரையேறி ஒட்டியிருக்கிறதா? கடைசியாக, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா பாருங்கள்.

மேட்டுக்கரை:

பொடி மீன் துள்ளுகிறது ஐயா, தலைப்பிரட்டையும் அப்படியே இருக்கிறது. இன்று நாலரை மணிக்கே டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். குட்டை முழுக்கக் கட்லா வாய்தான், சப் சப்பென்று சத்தம். ஒன்பது மணிக்கு ஒன்றையும் காணோம். நத்தை கரைக் கல்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கையை விட்டால் மணிக்கட்டு தாண்டி நாலு விரல் போவதற்குள் உள்ளங்கை மறைந்துவிடுகிறது. மூன்று நாளாக மேகமூட்டம், முந்தாநாள் சாயங்காலம் நல்ல மழை.

நடுக்குளம்:

அப்படியானால் உங்கள் பக்கத்து வயல்காரர் மேல் பழி போடாதீர்கள். பூச்சிமருந்து இறங்கியிருந்தால் பெரும்பாலும் தலைப்பிரட்டையும் பொடி மீனும்தான் முதலில் போயிருக்கும், அதுவும் நேரம் பார்க்காமல். பெரிய மீன் மட்டும், விடியற்காலையில் மட்டும் செத்தால் அது மூச்சு முட்டல். தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கிறது.

உள்ளங்கை தெரியாத அளவுக்குத் தண்ணீரைப் பச்சையாக்கியிருக்கும் அந்தப் பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜன் கொடுக்கும். ராத்திரி அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விட்டு, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சூரியன் எழும் நேரத்தில்தான் கையிருப்பு ஆகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கட்லா, ரோகு, மிர்கால் மாதிரிக் கெண்டைக்கு நிம்மதி, 3க்குக் கீழே போனால் இரை எடுக்காது, 1க்குப் பக்கம் வந்தால் சாவு. மேகமூட்ட நாளில் பகல் வரவே குறைவு. அதற்கு மேல் சாயங்கால மழை. குளிர்ந்த தண்ணீர் கனம் என்பதால் கீழே இறங்கி, அடியில் கிடந்த கெட்ட தண்ணீரை மேலே கிளப்பிவிடும். இந்தக் குறைவைத் தாங்கும் சக்தி கட்லாவுக்கு ரோகு, மிர்காலைவிடக் கம்மி. அதனால்தான் அது முந்திக்கொண்டது. இப்படியே விட்டால் அடுத்த முறை ரோகுவும் மிதக்கும்.

மயில்துத்தம் போட்டால் பாசி மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுகும். அழுகல் மீதி ஆக்சிஜனையும் தின்றுவிடும், நாளை மறுநாள் குட்டையில் ஒன்றும் மிஞ்சாது. சுண்ணாம்பு நல்ல சாமான்தான், ஆனால் மதியத்தில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்காமல் போடக்கூடாது. இவ்வளவு பச்சைத் தண்ணீரில் பி.எச். ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும். மேலும் ஏற்றினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாகும்.

இன்று தீவனம் முழுக்க நிறுத்துங்கள். சாணி கூடவே கூடாது. ராத்திரி 12 மணியிலிருந்து வெயில் வரும் வரை மோட்டார் ஓட வேண்டும். போர் தண்ணீரை அப்படியே குழாயை முக்கி விடாதீர்கள், பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. குழாய் வாயை ஆளுயரத்தில் கட்டி, கீழே ஒரு தகரமோ பலகையோ போட்டு, அதில் அடித்துச் சிதற விடுங்கள்.

மேட்டுக்கரை:

எங்கள் பக்கம் ராத்திரி மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது ஐயா. டீசல் இன்ஜின் வாடகைக்கு எடுக்கவா? ஆக்சிஜன் மாத்திரை என்று ஒன்று விற்கிறார்களே, அது?

நடுக்குளம்:

இன்ஜினே எடுங்கள். குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி அதிலேயே சிதறவிட்டாலும் போதும். மாத்திரை ஒன்றிரண்டு மணி நேரம் கைகொடுக்கும். இன்ஜின் நின்றுபோனால் போட ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். விட்டதில் ஐந்தில் நாலு பங்கு பிழைத்திருந்தால் கட்லா 1,600 கிலோ, ரோகு 1,000 கிலோ, மிர்கால் ஒரு 300 கிலோ. ஒரு ஏக்கரில் கிட்டத்தட்ட 3 டன். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றூட்டும் மெஷின்) இல்லாத குட்டை ஒன்றரை டன்னைச் சுமந்தாலே பெரிசு. அதனால் வலை போட்டுக் கட்லாவைக் குறைத்தே ஆகவேண்டும். காலையில் போடாதீர்கள், மூச்சு வாங்கும் மீனை வலையில் அடைத்தால் அங்கேயே சாகும். வெயில் நன்றாக ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல்.

தூண்டில்முள்:

பி.எச். விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. எங்க தண்ணி கலங்கல் தண்ணி, அதான் சுண்ணாம்பு ஒத்துப்போச்சு போல.

மேட்டுக்கரை (நாலு நாள் கழித்து):

இன்ஜின் போட்ட முதல் ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர் சிதறும் இடத்தில் மீன் கூட்டம் கூட்டமாக வந்து நின்றது. அன்று செத்தது 6, மறுநாள் 2, அதற்கப்புறம் இல்லை. தெரிந்த பையன் ஒருவன் மீட்டர் கொண்டுவந்தான். நேற்று வெயில் அடித்தது. மாலை 4 மணிக்கு ஆக்சிஜன் 11 காட்டியது, இன்று விடியற்காலை ஐந்தரைக்கு, இன்ஜின் ஓடியும் 2.4. பி.எச். மாலையில் 9.1, காலையில் 7.5. சுண்ணாம்பு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

முந்தாநாள் 420 கிலோ கட்லா பிடித்தோம். வியாபாரி வழக்கத்தைவிடக் குறைத்துத்தான் எடுத்தார், அவசரம் என்று தெரிந்துவிட்டது. வலை இழுத்தபோது அடிச்சேறு கறுப்பாக வந்தது, அழுகின முட்டை நாற்றம். செத்ததை எல்லாம் கரையிலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். வாசலுக்கே வந்து பாதி விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

இரண்டு கேள்வி. மறுபடி தீவனம் எப்போது ஆரம்பிக்கலாம்? அடுத்த தடவை கட்லாவை விட்டுவிட்டு விரால், ஜிலேபி (திலாப்பியா) என்று போய்விடலாமா?

நடுக்குளம்:

இரண்டு நாள் மீன் மேலே வராமல் இருக்கட்டும், பிறகு 20 கிலோவில் ஆரம்பியுங்கள். காலை எட்டு, ஒன்பதுக்கு மேல்தான். மேகம் போட்டால் அன்றைக்குப் பட்டினி. ஒரு நாள் பட்டினியில் கெண்டை இளைக்காது. சாக்கில் முந்தின நாள் மிச்சம் இருந்தால் அந்த அளவைக் குறையுங்கள். நீங்கள் போட்ட 60 கிலோவில் தின்றது போக மீதிதான் அந்தக் கறுப்புச் சேறு. இன்னும் 600, 700 கிலோவாவது பிடிக்க வேண்டும், இப்போது அவசரம் இல்லாததால் விலை பேசி விற்கலாம்.

விரால் காற்றை நேராகச் சுவாசிக்கும், ஆக்சிஜன் பயம் இல்லை. ஆனால் அது மீன் தின்னி, தவிடு புண்ணாக்கில் வளராது. விலை கூடின மிதவைத் தீவனம் வேண்டும், ஒன்றை ஒன்று தின்னாமல் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும், மழை ராத்திரியில் தாவி ஓடாமல் சுற்றிலும் வலை கட்ட வேண்டும். ஜிலேபியில் வளர்ப்புக்கு ஏற்றது கிஃப்ட் ரகம், அதுவும் ஆண் குஞ்சு மட்டும். ஆணும் பெண்ணும் கலப்பாக விட்டால் குஞ்சு பொரித்து நிரப்பிவிடும். கிஃப்ட் வளர்க்க மீன்வளத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தி விடச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், தடை செய்த மீன்.

என்னைக் கேட்டால் கட்லாவையே மறுபடியும் வளருங்கள். உங்கள் குட்டைக்கும் கைக்கும் பழகின மீன். மொத்தம் 3,000, அதில் கட்லா 1,200, மற்றது இரண்டும் 900 வீதம். மேல் தண்ணீரில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று இரைக்குச் சண்டை இல்லாமல் இருக்கும். வெள்ளிக்கெண்டை சேர்த்தால் கட்லாவின் இரையில்தான் பங்குக்கு வரும்.

மேட்டுக்கரை:

சரி ஐயா, 3,000. பக்கத்து வயல்காரருக்கு இரண்டு கட்லா கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டார். அந்தக் கறுப்புச் சேற்றை என்ன செய்வது?

நடுக்குளம்:

இப்போது கிளறாதீர்கள், கிளறினால் மறுபடி மூச்சு முட்டும். கோடையில் மொத்தமாகப் பிடித்த பிறகு குட்டையை வடித்து, அடி வெடிக்கும் வரை காயப் போடுங்கள். மேல் சேற்றை வழித்துத் தென்னைக்குப் போடலாம். சுண்ணாம்பு போடுவதற்கும் அதுதான் சமயம், தூண்டில்முள் தம்பியின் ஆசையும் தீரும்.