கயோட்டி எதிரே வந்து நின்றால்

கயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், ஓநாயைவிடச் சின்ன காட்டு விலங்கு, நாய் இனம். அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து அதனால் மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டே. 1981ல் கலிபோர்னியா கிளெண்டேலில் 3 வயதுக் குழந்தை, 2009ல் நோவா ஸ்கோஷியா கேப் பிரெட்டன் மலைப்பூங்காவில் 19 வயதுப் பெண். அமெரிக்காவில் நாய் கடித்துச் சாகிறவர்களே வருஷத்துக்கு 30 பேருக்கு மேல். மான் குறுக்கே பாய்ந்து கார் மோதிச் சாகிறவர்கள் 100ஐத் தாண்டும். புதரைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடப்பதுதான் பெரிய ஆபத்து.

———

கணக்கு சரிதான் அண்ணா, ஆனால் கனடாவின் வான்கூவர் ஸ்டான்லி பார்க்கை விட்டுவிட்டீர்கள். 2020 டிசம்பரில் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் அந்த ஒரே பூங்காவில் 45 பேர் கடிபட்டார்கள் அல்லது தாக்கப்பட்டார்கள். கடைசியில் 11 கயோட்டிகளைக் கொன்றார்கள். ஆட்கள் தீனி போட்டுப் பழக்கியது முக்கியக் காரணம். கை நீட்டினால் சாப்பாடு என்று பழகியது, வெறுங்கையையும் கவ்வத்தான் செய்யும். பறவைக்கு வைக்கிற தானியமும் இதில் சேரும்: கீழே சிந்தினால் எலி வரும், எலிக்குப் பின்னால் இது வரும்.

———

"கத்தினேன், போகவில்லை" என்கிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்தியவர்கள். அது பத்தடி போய்த் திரும்பிப் பார்க்கும். அங்கே விட்டுவிட்டால், கொஞ்சம் பொறுத்தால் இவர் அடங்கிவிடுவார் என்று கற்றுக்கொள்ளும். கையை உயர்த்தி, சில்லறை போட்டு மூடிய தகர டப்பாவைக் குலுக்கி, கண்ணுக்கு மறையும்வரை விரட்டுங்கள். ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள்.

வசந்தத்திலிருந்து கோடை நடுப்பகுதி வரை குட்டிகள் இருக்கும் காலம். அப்போது இடைவெளி விட்டுப் பின்னாலேயே வரும். நீங்கள் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். வேட்டை இல்லை, குட்டிகள் இருக்கும் இடத்திலிருந்து உங்களை வழியனுப்புகிறது. அங்கே டப்பா வேண்டாம். முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்கினால் போதும்.

———

மனிதரைவிடச் சின்ன நாய்க்கும் பூனைக்கும்தான் ஆபத்து அதிகம். நாய்க்கு 6 அடி நிலையான கயிறு. இழுக்க இழுக்க நீளும் வகையில் நாய் 15 அடி முன்னால் போயிருக்கும், தூக்க நேரமிருக்காது.

வேலி 6 அடி. கயோட்டி பெரும்பாலும் அதை ஒரே தாவலில் தாண்டாது. முன்னங்காலை விளிம்பில் மாட்டி உடம்பை மேலே இழுக்கும். அந்த விளிம்பில் சுழலும் குழாய் இருந்தால் பிடி வழுக்கிக் கீழே விழும். அடியில் தோண்டி வராமலிருக்கக் கம்பி வலையை ஓரடி ஆழம் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள். கேட்டின் அடி இடுக்கை மறந்துவிடுகிறார்கள், பாதி வேலி அங்கேதான் தோற்கிறது.