இங்கிலாந்தில் வாங்கிய மொறிஸ் மைனரும் ஜெர்மன் இலக்கத்தகடும்

அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் (வாடகைக் கார்) ஓடியது மொறிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. ஐம்பது வயதில் எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியதற்கு வேறு காரணம் கேட்காதீர்கள். மனைவி கேட்டுவிட்டார்.

நான் இருப்பது ஜெர்மனியில், டோர்ட்முண்ட் பக்கம். இங்கே மைனர் அபூர்வம். இங்கிலாந்தில் 1948 முதல் பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் அங்கே இன்னும் தேடி எடுக்கலாம். முதலில் கென்ட்டில் ஒன்று பார்த்தேன். பிற்காலத்து 1275 சிசி எஞ்சின், முன்னுக்கு டிஸ்க் பிரேக். ஓட்ட அருமையாக இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டேன். ஏன் என்பது சுங்கக் கதையில் வரும்.

இரண்டாவது 1963 மாடல், 1098 சிசி, எதுவும் மாற்றாதது. விற்றவர் "இதற்கு எம்ஓடி சோதனையே தேவையில்லை" என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான், அது அங்கத்தைய வருடாந்தத் தகுதிச் சோதனை, 40 வயது தாண்டிய வண்டிக்குக் கட்டாயமில்லை. அதாவது பல வருடமாக யாரும் அடியில் குனிந்து பார்க்கவில்லை என்றும் அர்த்தம். அப்பாவுக்குப் போன் போட்டேன். "தம்பி, பெயின்ரைப் பாக்காதை. முன் சில்லை ஜக்கில தூக்கி ஆட்டிப் பார்" என்றார். முன் சில்லைத் தாங்கும் கீழ் ட்ரனியன் தேய்ந்திருந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து வண்டி குந்திவிடும். ஆட்டினேன், ஆடவில்லை. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும் துரு. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன்.

அங்கத்தைய லொக் புத்தகத்தில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) நிரந்தர ஏற்றுமதிக்கென்று ஒரு துண்டு உண்டு. அதை மட்டும் டிவிஎல்ஏ என்ற அங்கத்தைய வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைக் கையோடு கொண்டு வர வேண்டும். அது இல்லாமல் இங்கே பதிவு செய்வது பெரும்பாடு.

இனி அடி வாங்கிய இடம். பிரெக்சிட்டுக்குப் பிறகு இது மூன்றாம் நாட்டிலிருந்து, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருள். சாதாரணக் கார் 8703 என்ற சுங்கப் பொருள் எண்ணில் வரும்: 10 சதவீதம் சுங்கவரி, அதன் மேல் 19 சதவீத விற்பனை வரி. சேகரிப்புப் பொருளான பழைய கார் 9705: சுங்கவரி கிடையாது, விற்பனை வரி 7 சதவீதம்தான். அதற்கு வண்டிக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இருக்கக் கூடாது, எஞ்சின், பிரேக், ஸ்ரியறிங் எல்லாம் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். கென்ட் வண்டியை விட்டது இதற்காகத்தான்.

இவ்வளவும் படித்து வைத்திருந்தும், வண்டியை ஏற்றி வந்த முகவர் படிவத்தில் 8703 என்று போட்டதை நான் கவனிக்கவில்லை. ஏற்றுக்கூலியோடு ஏறக்குறைய 8,000 யூரோ மதிப்பு. 560 கட்ட வேண்டிய இடத்தில் 2,472 யூரோவுக்குக் கடிதம் வந்தது. முகவர் தோளைக் குலுக்கினார். ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம் என்பதால் எழுதினேன். படங்களோடு, கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தந்த சான்றிதழையும் வைத்தேன். தொழிற்சாலையை விட்டு வந்த தேதி, எஞ்சின் எண், நிறம் எல்லாம் அதில் இருந்தது. நாலு மாதம் இழுத்துத்தான் காசு திரும்பியது. படிவம் போகுமுன் அந்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.

டியூஃப் என்ற இங்கத்தைய வாகனத் தகுதிச் சோதனை எதிர்பார்த்ததைவிடச் சுலபம். இடது பக்க ஓட்டத்துக்கான ஹெட்லைற்றை மாற்றினேன், மைல் மீற்றர் கண்ணாடியில் கிலோமீற்றர் எண் ஒட்டினேன், துருவை வெட்டி வெல்டிங் செய்தேன். சேசிஸ் எண்ணைச் சோதனையாளர் அரை மணி நேரம் தேடினார். அந்த மியூசியச் சான்றிதழ் இங்கேயும் கை கொடுத்தது. 1970-க்கு முந்திய வண்டி என்பதால் சீற்பெல்ட் கேட்கவில்லை. ஆனால் பெல்ட் இல்லாத வண்டியில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை ஏற்றக் கூடாது, அதனால் தங்கையின் மகனுக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருப்பு.

கடைசியில் பழமை வண்டிக்கான 'ஹா' (H) எழுத்தோடு இலக்கத்தகடு. வருட வரி 191 யூரோ, சாதாரணத் தகடென்றால் 279 வரும். இங்கிலாந்து லொக் புத்தகத்தைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிவிடுவார்கள், முதலே பிரதி எடுத்து வையுங்கள். நேரே ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்த் தேசிக்காய் நசித்தோம்.

மறுமொழி, சென்னையிலிருந்து:

அருமை சார். இங்கே பழைய வண்டிக்கென்று தனி விதி வந்ததே 2021-இல்தான். 50 வயது தாண்டி, பெரிதாக மாற்றாமல் இருந்தால் 'விஏ' எழுத்து போட்ட தகடு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர் அவ்வளவுதான். அங்கே எப்படி? வலது பக்க ஸ்டியரிங்குக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?

எழுதியவர்:

இங்கே தினமும் ஓடலாம், நகரத்துப் புகைத் தடை வலயத்துக்குள்ளும் போகலாம். வலது ஸ்ரியறிங்குக்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் முன்னால் லொறி போனால் எனக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியாது. முந்தலாமா வேண்டாமா என்று இடது சீற்றில் இருக்கும் மனைவிதான் சொல்ல வேண்டும். இதுவரை "முந்துங்கோ" என்று ஒருநாளும் சொன்னதில்லை.