ஒரே பழைய ‘ஏ’ படம், மூன்று நீளம்: எது முழுப் பிரதி?

கேள்வி (சுருள்பெட்டி):
1930 முதல் 1975 வரை வந்த பாலுணர்வுப் படங்களைக் காலவரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஒரே படம் ஒரு பிரதியில் 100 நிமிடம், இன்னொன்றில் 96, மூன்றாவதில் 88. தணிக்கையில் வெட்டுப்பட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூடவே, பொதுமக்கள் இவற்றை ஏற்றுக்கொண்ட ஆண்டு என்று ஒன்றைக் குறிக்கலாமா?

பதில் (இருபத்துநான்கு):
100-க்கும் 96-க்கும் நடுவில் பெரும்பாலும் கத்திரிக்கோலே இல்லை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையிலான வீடியோ 25-இல் ஓட்டும். 4 சதவீதம் சுருங்கிவிடும். வசனத்தின் சுருதியும் கொஞ்சம் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபிலிமாகவே கையில் இருந்தால் நிமிடத்தை விடுங்க, அடியை அளங்க. 35 எம்எம் நிமிடத்துக்கு 90 அடி, 16 எம்எம் 36 அடி. 100 நிமிடப் படம் 35-இல் 9,000 அடி வர வேண்டும்.

88-ஐத்தான் பார்க்கணும். 16 எம்எம் ஃபிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலித்தடத்தில் ஒலி, படத்தைவிட 26 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். அதனால் பிரதியிலேயே வெட்டி ஒட்டியிருந்தால் முதலில் காட்சி தாவும், ஏறக்குறைய ஒரு நொடி கழித்து ஒலி தாவும். இரண்டும் ஒன்றாகத் தாவினால் பிரதி போடும் முன்பே வெட்டியாச்சு. முதல் வகை என்றால் உடனே தணிக்கை மேல் பழி போடாதீங்க. ஃபிலிம் கிழிந்து ஆபரேட்டர் ஒட்டியிருக்கலாம், பிடித்த காட்சியை எவரோ சுருட்டியும் இருக்கலாம். இந்த வகைப் படங்களில் அது சகஜம்!

பதில் (வழக்குக்கட்டு):
ஒற்றை ஆண்டு கிடைக்காது. அமெரிக்காவை மட்டும் எடுத்தாலே 1915-இல் உச்ச நீதிமன்றம் சினிமாவுக்குக் கருத்துச் சுதந்திரம் கிடையாது என்றது. 1952-இல் அதே நீதிமன்றம் உண்டு என்றது. நிர்வாணம் மட்டுமே ஆபாசம் ஆகாது என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1957-இல் சொன்னது. அந்தத் துணிச்சலில்தான் 1959-க்குப் பிறகு மலிவுச் செலவுப் படங்கள் குவிந்தன.

நீளங்கள் ஏன் ஊருக்கு ஊர் மாறின என்பதற்கு ‘ஐ ஆம் கியூரியஸ் (யெல்லோ)’ நல்ல சாட்சி. ஸ்வீடனில் 1967-இல் வந்தது. 1968-இல் அமெரிக்கச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது, அதே ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலை. ஆனால் மேரிலாந்து மாநிலத் தணிக்கை வாரியம் தடுத்தது; 1971-இல் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் அங்கே தடை அப்படியே நின்றது.

எது ஆபாசம் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1973 மில்லர் தீர்ப்பு ‘உள்ளூர்ச் சமூக அளவுகோல்’ என்றதும் கதை பின்னுக்கும் போனது. ஜார்ஜியாவில் ‘கார்னல் நாலெஜ்’ படத்தை ஓட்டியதற்குத் தியேட்டர் மேலாளருக்கு 1972-இல் கிடைத்த தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் 1973-இல் உறுதி செய்தது. 1974-இல்தான் அது ரத்தானது. டென்மார்க்கோ 1969-லேயே பெரியவர்களுக்கான படங்கள் மீதான தடையை எடுத்துவிட்டது. பிரான்ஸ் 1975 இறுதியில் தடை செய்யாமல், ‘எக்ஸ்’ முத்திரை குத்தி வரியால் அடித்தது. என் கணக்கில் அதுதான் தடையைவிடக் கெட்டிக்காரத்தனமான அடி.

சுருள்பெட்டி:
நன்றி. 88 நிமிடப் பிரதியின் ஓரத்தில் கோடாக் குறிகள் இருக்கின்றன. அதை வைத்து ஆண்டு போடலாமா?

பதில் (இருபத்துநான்கு):
அது கச்சா ஃபிலிம் தயாரான ஆண்டு மட்டுமே, படம் எடுத்த ஆண்டு அல்ல. வட்டம், சதுரம், முக்கோணக் கூட்டுகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் கறுப்பாகத் தெரியும் குறி அந்தப் பிரதிக்குரியது. வெளுப்பாகத் தெரிவது நெகட்டிவிலிருந்து இறங்கியது. இரண்டையும் தனித்தனியாகக் குறிச்சுக்கோங்க. புளித்த காடி வாசனை வந்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற சுருள்களை விட்டுப் பிரித்து வைத்து, முதலில் அதை ஸ்கேன் பண்ணுங்க.