கிணற்றுத் தண்ணீரும் வெளுக்கிறது, பள்ளி போர் தண்ணீரும் வெளுக்கிறது!

காங்கேயம் டீச்சர்:
அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது சாயப்பட்டறை வேலைக்குப் போகிறார்கள். பாட்டில் உப்பை விட்டுவிட்டு ஊர்த் தண்ணீரிலேயே உப்புப் பகுப்பாய்வு செய்யலாமே என்று, திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு கேன் பிடித்து வந்தேன். நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, அப்புறம் சில்வர் நைட்ரேட். தயிர் மாதிரி வெள்ளை வீழ்படிவு. வகுப்பே கைதட்டியது. கடைசி பெஞ்சுப் பையன் பள்ளி போர் தண்ணீரை எடுத்து அதையே செய்தான். அதுவும் வெளுத்தது. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களா டீச்சர்?" நல்லவேளை, மணி அடித்துவிட்டது. நாளைக்கு என்ன சொல்லட்டும்?

பழைய லேப்காரன்:
பையனுக்கு ஒரு சபாஷ். அந்தச் சோதனை, தண்ணீரில் குளோரைடு (சாதா உப்பில் இருப்பது) இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று தெரிய அளக்க வேண்டும். பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுங்கள். மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாக மாறினால் நிறுத்துங்கள். இதற்கு அமிலம் சேர்க்கக் கூடாது.

பட்டறை லேபில் பத்து வருடம் இருந்தவன் என்பதால் இன்னொன்று. தண்ணீரில் பருத்தி இழைக்கும் எதிர் (நெகடிவ்) மின்னூட்டம், சாயத்துக்கும் அதே நெகடிவ். இரண்டும் விலகும். உப்புப் போட்டால்தான் சாயம் இழைப் பக்கம் போகும். கருப்பு, நேவி ப்ளூவுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் கூடப் போடுவோம். அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது, அத்தனையும் கழிவு நீரில். நிறத்தை வெளுத்துவிடலாம், உப்பு போகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதன் பின்னால் இந்த வேதியியல்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள்.

சேலம் சார்:
குரோமேட் நஞ்சு. நீங்களே விடுங்கள், பிள்ளைகள் எண்ணட்டும். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனி ஜாடியில் சேருங்கள்.

காங்கேயம் டீச்சர்:
செய்தாயிற்று. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் எடுத்தோம்: போர் தண்ணீருக்கு 11 சொட்டு, கிணற்றுக்கு 58. நாற்பதைத் தாண்டியதும் பிள்ளைகள் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடுதான் ஏற்கத்தக்க அளவு என்றேன். அந்தப் பையன் இன்று வீட்டுத் தண்ணீரை ஒரு சோடா பாட்டிலில் கொண்டு வந்திருக்கிறான். பின்னால் இன்னும் ஆறு பாட்டில்கள் வரிசையில். சில்வர் நைட்ரேட் தீரப் போகிறது, விலையை நினைத்தால்தான் பகீர் என்கிறது.