போக்கர் புதுப்பிப்பு: டாப் பேர், சுமாரான கிக்கர் – எங்கே பெட், எங்கே செக்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: பட்டனிலிருந்து (கடைசியாக ஆடும் இடம்) 2.5 பிளைண்ட் ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது), பிக் பிளைண்ட் (கட்டாயப் பந்தயம் போட்டவர்; அந்தத் தொகைதான் இங்கே அளவு) மட்டும் கால் (அதே தொகை போட்டுத் தொடர்வது). கையில் குயின்-ஜாக், ஃபிளாப் (மேஜையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டு) குயின்-7-2, மூன்றும் வேறு வேறு சூட். போர்டின் பெரிய சீட்டோடு ஜோடி, அதாவது டாப் பேர்; துணைச் சீட்டான கிக்கர் ஜாக்தான். ஃபிளாப், டர்ன் (நான்காம் சீட்டு), ரிவர் (ஐந்தாம் சீட்டு) என்று மூன்று ரவுண்டும் பெட் (பந்தயம்) அடித்தால் நம்மை ஜெயிக்கும் கைதான் எதிரே மிஞ்சுகிறது; அப்படியானால் எங்கே செக் (பந்தயம் வைக்காமல் விடுவது)?

"டர்னை விட்டுவிடு" என்ற யோசனைதான் பலித்தது. பாட் (நடுவில் சேர்ந்த தொகை) 5.5, ஃபிளாப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு பெட், அதாவது 1.8; எதிராளி கால். டர்ன் 3, செக். ரிவர் இன்னொரு 2. எதிராளி செக் செய்தால் நாம் பாதி பாட் பெட், 4.5. நம்மிடம் எதுவும் இல்லை என்று நினைத்து குயின்-10 (8 விதமாகச் சீட்டு சேரலாம்), 8-8, 9-9 (தலா 6) எல்லாம் கால் பண்ணுகின்றன. நம்மை ஜெயிப்பதில் ராஜா-குயின் 8 விதம்தான்; ஏஸ்-குயின் பெரும்பாலும் ஃபிளாப்புக்கு முன்பே ரீரெய்ஸ் ஆகியிருக்கும்.

எதிர்பாராதது: டர்னில் செக் செய்ததும் ரிவரில் எதிராளியே பெட் அடிப்பது. பாதி பாட் என்றால் நான்கில் ஒரு முறை ஜெயித்தாலே கால் கட்டுப்படியாகும். கால் போதும், ரெய்ஸ் வேண்டாம். நம் ரிவர் பெட்டுக்கு ரெய்ஸ் வந்தால் மட்டும் மனசைக் கல்லாக்கி ஃபோல்ட் (கையை விட்டுவிடுவது).

ஜாக்-10-6, இரண்டு ஹார்ட் மாதிரி ஈரமான (வரிசையோ ஒரே சூட்டோ சேர வாய்ப்புள்ள) போர்டில் இது ஆகாது. டர்னில் செக் செய்தால் எதிராளிக்கு ஓசிச் சீட்டு கொடுத்த மாதிரி. அங்கே ராஜா-ஜாக்குடன் ஃபிளாப், டர்ன் இரண்டிலும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு பெட்; செக் ரிவரில்.