படகில் கஞ்சா மூட்டை: கூலிக்குச் சென்ற தம்பிக்கு ஜாமீன் கிடைக்குமா?

பாம்பன் சகோதரி:
என் தம்பி மண்டபத்தில் ஒருவருடைய ஃபைபர் படகில் கூலிக்குக் கடலுக்குச் செல்பவன். சென்ற மாதம் படகை மறித்துச் சோதனையிட்ட அதிகாரிகள், வலைக்கு அடியில் மூன்று சாக்குகளில் கஞ்சா இருந்ததாகக் கூறி அவனைக் கைது செய்தனர். மகஜரில் (பறிமுதல் செய்ததைப் பதிவு செய்யும் ஆவணத்தில்) எடை 22 கிலோ என்று இருக்கிறது. பல தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், சாக்கில் என்ன இருந்தது என்பதே தனக்குத் தெரியாது என்றும் சிறையில் பார்த்தபோது சொன்னான். இந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (NDPS) ஜாமீனே கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க எங்களுக்கு வசதியில்லை.

தொண்டி வாசகர்:
உடல் சோதனைக்கு முன் மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ சோதனை கேட்கும் உரிமையை 50ஆம் பிரிவின்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் வழக்கு நிற்காது, சகோதரி.

மதுரை வழக்கறிஞர்:
மேலே சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தப் பிரிவு ஒருவர் உடம்பைச் சோதிப்பதற்குத்தான் பொருந்தும். கையில் உள்ள பைகளுக்கோ படகில் கிடந்த சாக்கிற்கோ பொருந்தாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

உங்கள் தம்பி வழக்கின் உயிர்நாடி எடைதான். கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. அப்போது குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு தண்டனை. அதோடு 37ஆம் பிரிவின்படி, இவர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே வந்தால் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால்தான் ஜாமீன். 20 கிலோவைத் தாண்டாவிட்டால் இந்தத் தடை பொதுவாக வராது. ஆகவே அந்த 22 கிலோ சாக்கோடு நிறுத்ததா, சாக்கு நீக்கி நிறுத்ததா என்பதை முதலில் பாருங்கள். ஈரச் சாக்கும் கட்டிய கயிறும் சேர்ந்தாலே எடை ஏறும். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதி; நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் சேராது. 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்தார்களா என்பதற்கும் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்தைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்ச வேண்டாம். தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020இல், 67ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைத் தண்டிக்கப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் ‘தெரியாது’ என்ற ஒற்றைச் சொல் போதாது. பொருள் அவர் வசம் இருந்தது என்று நிரூபணமானால், அறிந்தே வைத்திருந்தார் என்று சட்டம் அனுமானிக்கும். அதை உடைக்கும் பொறுப்பு அவருக்கு வந்துவிடும். படகு யாருடையது, அன்று அவரைக் கூப்பிட்டவர் யார், கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது, சாக்கை ஏற்றியபோது யார் இருந்தார்கள் என்பதற்கான போன் அழைப்பு, சாட்சி எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள்.

பாம்பன் சகோதரி:
மிக்க நன்றி ஐயா. வழக்கறிஞருக்கு என்ன செய்வது?

மதுரை வழக்கறிஞர்:
காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. இராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தம்பி சிறையிலிருந்தே மனு அனுப்பலாம். ரிமாண்ட் ஆன (நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்ட) தேதியையும் குறித்து வையுங்கள். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், நீதிமன்றம் கால நீட்டிப்பு கொடுக்காத நிலையில், ஜாமீன் அவருடைய உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே மனு போட்டிருக்க வேண்டும்.