சனசமூக நிலைய மண்டபத்தைக் குடி, போதை மீட்சிக் குழுவுக்குக் கொடுக்கலாமா?

வலிகாமத்தான்:
எமது ஊர்ச் சனசமூக நிலையப் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. குடியையும் போதைப்பொருளையும் விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றாக இருந்து கதைப்பதற்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் மண்டபத்தை ஒதுக்க வேண்டும் என்பதே அது. கனடாவிலுள்ள எமது ஊர்ச் சங்கம் கதிரைக்கும் சிற்றுண்டிக்கும் பணம் அனுப்பச் சம்மதித்திருக்கிறது. பதிலுக்குப் பயனாளிகளின் பெயர்ப்பட்டியலும் மாதம் ஒருமுறை புகைப்படமும் வேண்டுமாம். நான் எதிர்த்துக் கை உயர்த்தினேன். குடி நோய் என்றால் வைத்தியசாலை இருக்கிறது. நோய் இல்லை என்றால் தவறணைக்குப் போகாமல் இருப்பதற்கு ஒருவருக்குக் கூட்டம் எதற்கு? பிள்ளைகள் வந்து படிக்கிற இடம் அது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கரையோரம்:
ஐயா, வைத்தியசாலையில் ஒருவர் இருக்கப்போவது சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான். அதன் பிறகு அவர் அதே ஒழுங்கைக்கும் அதே கூட்டாளிகளிடமும்தான் திரும்பி வருகிறார். பின்னேரம் ஆறு மணிக்கு அவரைத் தேடி வருபவர் வைத்தியர் அல்லர். அந்த நேரத்தைக் கடப்பதற்குத்தான் குழு. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும் தொடங்கிய ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்ற, குடியை விட நினைப்பவர்கள் பெயர் வெளியிடாமல் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு இதற்கு முன்மாதிரி. இருவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துக்கொண்டது. அத்தகைய குழுக்களில் ஆட்களை முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ச்சியாகக் குடிக்காமல் இருக்கச் செய்வதில் ஏனைய உளவியல் சிகிச்சைகளை விஞ்சியது என்று அது கண்டது. சும்மா கதைப்பது என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இரவுக்கடமை:
வாட்டில் வேலை செய்யும் தாதியாக, பிரேரணையை ஆதரித்துக்கொண்டே ஒரு எச்சரிக்கையைச் சொல்கிறேன். நாள்தோறும் கனக்கக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணித்தியாலங்களிலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளைப் போர்வையில் இருந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். கவனிக்காமல் விட்டால் இது உயிரை எடுக்கும். நல்லூர்க் கொடியேற்றத்தோடு விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, மூன்றாம் நாள் கட்டிலில் கட்டிவைக்க வேண்டிய நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் விரதக் களைப்பு என்று நினைத்திருப்பார்கள். இவர்களுக்கு மருந்தும் தயமின் (விற்றமின் B1) ஊசியும் கண்காணிப்பும் வேண்டும். ஆகவே, புதிதாக வருபவரிடம் குழு முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது குடித்தார் என்பதைத்தான். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு போன்ற ஓர் இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

வலிகாமத்தான்:
தங்கச்சி சொல்வது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. கரையோரம் காட்டிய மீளாய்வும் மதுவைப் பற்றியது. இன்று ஊரில் தாய் தகப்பனை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருப்பவை ஹெரோயினும் ஐஸ் எனும் மெதம்பெட்டமைனும். அவற்றுக்குக் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்து என்ன செய்யப் போகிறோம்? 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றமே ஒருவரைக் கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம். அந்த வழி இருக்கட்டும்.

கரையோரம்:
மீளாய்வு மதுவைப் பற்றியது என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்டாயப் புனர்வாழ்வு எப்படி இருக்கிறது என்பதற்குக் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தைப் பாருங்கள்: 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். ஹெரோயினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல மாதங்கள் எடுக்காமல் இருந்தவரின் உடலுக்குப் பழைய தாங்குசக்தி இருக்காது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அப்படித் திரும்பி வருபவரை யார் எதிர்கொள்ளப் போகிறார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. ஐஸுக்கோ, இதுதான் என்று உறுதிப்பட்ட மருந்தே கிடையாது.

பெயரில்லாதவன்:
நான் குடித்தவன், இப்போது குடிப்பதில்லை. கொழும்பில் வேலை செய்த காலத்தில் இப்படியான ஒரு குழுவால் எழும்பினேன். ஆனாலும் இந்தப் பிரேரணையை எதிர்க்கிறேன். சனசமூக நிலையத்தின் யன்னல் ரோட்டைப் பார்த்திருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் விறாந்தையில் உதயன், வலம்புரி பத்திரிகைகளை விரித்துவைத்துக்கொண்டு அரை ஊர் இருக்கும். உள்ளே போகிறவன் யாருடைய மகன், தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்களா என்பதெல்லாம் அவன் கதிரையில் இருக்குமுன்பே கதைக்கப்பட்டுவிடும். அதற்கு மேல் பெயர்ப்பட்டியலும் படமும்! என் முகம் கனடாவில் யாரோ ஒருவருடைய முகநூலில் ‘பயனாளி’ என்று வருமென்றால், நான் தவறணைக்கே போயிருப்பேன். அங்கே ஒருவரும் படம் எடுப்பதில்லை.

தனாதிகாரி:
வெளிநாட்டில் இருப்பவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் குளிரில் உழைத்து அனுப்பும் காசு எங்கே போனது என்று கேட்பதில் என்ன பிழை? பெயர் இல்லை, படம் இல்லை, வருகைப் பதிவு இல்லை என்றால், கணக்குப் பரிசோதகருக்கு நான் எதைக் காட்டுவது? முன்பு ஒரு நிவாரணத்தில் பெயர் இல்லாத பட்டியலால் நாங்கள் பட்ட பாடு போதும்.

பெயரில்லாதவன்:
அண்ணை, கணக்குக் காட்டத் தேவையில்லாத அளவுக்குச் செலவைச் சுருக்குவதே இதற்கு வழி. நான் சொன்ன குழுக்களின் மரபிலேயே, வெளியாரிடம் காசு வாங்குவதில்லை என்று ஒரு விதி உண்டு. கூட்ட முடிவில் ஒரு பேணி சுற்றி வரும். முடிந்தவர் போடுவார், முடியாதவர் அடுத்தவரிடம் கொடுப்பார். தேத்தண்ணிக்கும் மண்டப வாடகைக்கும் அது காணும். கனடாக் காசை நூலகத்துக்கோ பிள்ளைகளின் மாலை வகுப்புக்கோ எடுங்கள். அங்கே படமும் எடுக்கலாம். குடிப்பவர்களின் மனைவிமாருக்கும் தனியாக ஒரு குழு தேவை. அவர்கள் ஆண்களோடு ஒரே அறையில் இருந்து வாய் திறக்க மாட்டார்கள்.

வலிகாமத்தான்:
பெயர்ப்பட்டியலும் புகைப்படமும் வேண்டாம் என்பதில் தம்பியோடு உடன்படுகிறேன். அடுத்த கூட்டத்தில் அதையும் தாதியின் நிபந்தனையையும் திருத்தமாகக் கொண்டுவருவேன். மண்டபம் கொடுப்பதற்கு இன்னும் எதிராகவே வாக்களிப்பேன்.

பெயரில்லாதவன்:
மண்டபத்துக்கு எதிராக நானும் வாக்களிப்பேன், காரணம் வேறாக இருந்தாலும். யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், முன்னால் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். கடைசிப் பஸ்ஸுக்கு முன் கூட்டம் முடிய வேண்டும் என்பதால் நாலரைக்குத் தொடங்கலாம்.